சூடு போகாத அறை

சாலைக் கடைத்தெருவில் பெருமாள் அண்ணாச்சியின் வாழைக்குலைக் கடைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. காயாக வந்து இறங்கும் ஏத்தன் குலைகளை அங்கேதான் பழுக்கப் போடுவார்கள். அந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு நான் நின்ற ஒரு மத்தியானத்திலிருந்து இந்த வாரக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

கர்க்கடக மாத மழை. அம்மா ஏத்தன்பழம் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தேன். புடவைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. அண்ணாச்சி யாரிடமோ மும்முரமாக விலை பேசிக்கொண்டிருந்தார். "உள்ள பழுத்தது கிடக்கு, நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க" என்று கையை மட்டும் காட்டினார்.

கதவைத் திறந்தேன். தூங்குகிற யாரோ முகத்தருகே மூச்சு விட்டது போல் ஒரு சூடு வந்து தொட்டது. இருட்டு. வாழைச்சருகு வாசனை, புகை வாசனை, இரண்டுக்கும் அடியில் பழுக்கத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு. மூலையில் ஒரு மண்சட்டியில் உமி கனிந்துகொண்டிருந்தது. கண் பழகப் பழக, சருகைப் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த குலைகள் தெரிந்தன. பார்த்தால் அங்கே ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாப் பச்சையும் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது.

"கதவச் சாத்துங்க தாயி" என்றார் அண்ணாச்சி, பேரத்தை விடாமலே. "சூடு போயிரும்."

எங்கள் வார்டின் கதவுகள் ஒவ்வொன்றாக என் மனசில் வந்தன. ஒன்றுகூடச் சாத்தியிருக்கவில்லை.

சிவந்த கன்னங்கள்

அப்போது நான் குழந்தைகள் சர்ஜரிப் பிரிவில் எல்லோருக்கும் இளையவள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைகள் எங்களிடம் வரும். குடல் அடைத்துப் பச்சையாக வாந்தி எடுப்பவை, மலம் போக வழி இல்லாமல் பிறந்தவை, உணவுக்குழாய் தொண்டைக்குக் கீழே பாதியில் நின்றுபோனவை. கத்தி வைக்காமல் பிழைக்க முடியாத குழந்தைகள்.

எங்கள் சீஃப் கைராசிக்காரர். கோதுமை மணி அகலக் குடலைக்கூட அவர் தைப்பதைப் பார்த்தால் பூத்தொடுப்பது போலிருக்கும். ஆபரேஷன் நன்றாகவே முடியும். பிறகு குழந்தை மெல்ல அமைதியாகிவிடும். அழுகை குறையும். கையைக் காலை ஆட்டாது. கன்னம் மட்டும் ரோஜாவாகச் சிவந்திருக்கும். "நல்ல நிறம் வச்சிருக்கு" என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்பட்ட மறுநாள் அது இருக்காது.

"தையல் நன்றாகத்தான் இருந்தது" என்பார் சீஃப், கையைக் கழுவிக்கொண்டே. அதை எங்களிடம் சொல்ல மாட்டார். குழாயிடம் சொல்வார்.

அந்தச் சிவப்பு குளிரின் சிவப்பு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் வார்டில் யாருடைய சார்ட்டிலும் குளிர் இல்லை. காரணம் எளிது. எங்கள் தெர்மாமீட்டர் காய்ச்சல் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் கீழ்க்கோட்டுக்கும் கீழே உடம்பு போனால் பாதரசம் கிளம்பவே கிளம்பாது. காய்ச்சல் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம்.

என் அண்ணா காலேஜ் ஒன்றில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை நச்சரித்து லாபிலிருந்து ஒரு நீளத் தெர்மாமீட்டர் வாங்கிவந்திருந்தேன். "உடைச்சா நீ பிரின்சிபாலண்ட போய்ச் சொல்லு" என்று கொடுத்தான். அதைக் குழந்தைகளின் அக்குளில் வைத்துப் பார்க்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பாதரசம் அத்தனை கீழே நிற்பதை நம்ப முடியாமல் திரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அம்மா என்னைச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினாள்.

எங்கள் வார்டு நீளமானது. இரு பக்கமும் ஜன்னல்கள், தலைக்கு மேல் மின்விசிறிகள். காற்றோட்டம் என்ற சொல்லை எங்களுக்குப் பால பாடமாகவே சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் காற்றோட்டத்தின் நடுவில், ஒரு துண்டு மேலே போட்டு, கைப்பிடி அளவு உயிர்களைப் படுக்க வைத்திருந்தோம்.

அம்மாவின் கணக்கு

கிழக்கேகோட்டைக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அவள் பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நன்னாருக்குடி. முன்னெல்லாம் பிள்ளை பெத்தவளை இருட்டு உள்ளுல வெச்சு, சாம்பிராணி போட்டு, கதவை அடைச்சு வெச்சிருந்தோம். டாக்டர்மார் நீங்க வந்து என்ன சொன்னேள்? திறந்து விடுங்கோ, காத்து வரட்டும்னேள். திறந்தோம். இப்போ அடைக்கணுமாக்கும்."

"புகை நுரையீரலுக்கு ஆகாதும்மா. புகை வேண்டாம், சூடு மட்டும் போதும்."

"அப்படின்னா புகையில்லாம ஒரு உள்ளு கட்டிக்கோ. யார் வேண்டாம்னா? அதுக்காகப் பழத்தை இப்படியா நசுக்கிண்டு வரணும்?"

அம்மாவோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனால் அவள் சொன்ன அந்த அறை, 'புகையில்லாத உள்ளு', என்னோடு தூக்கத்திலும் வந்தது. கனவில் வார்டு முழுக்கச் சருகு. சருகை விலக்கினால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தை, பச்சை நிறத்தில். அவை மஞ்சளாகட்டும் என்று நான் காத்திருக்கிறேன். முழித்துக்கொண்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

பழமுறி

எங்கள் வராந்தாவின் கோடியில் உடைந்த கட்டில்களும் கிழிந்த மெத்தைகளும் போட்டு வைத்த ஓர் அறை இருந்தது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் அதைக் கேட்டேன். எதற்கு என்று சீஃப் கேட்டார். அவசரக்காரி நான், அண்ணாச்சி கடையிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

"விசாலம்" என்றார் சீஃப். மலையாளத்துத் தமிழில் நிதானமாகப் பேசுவார்; 'நீ' என்பதற்கு 'தான்' என்பார். "தான் இங்கே சர்ஜரி படிக்க வந்ததோ, சாலையில் குலைக்கடை போட வந்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நகரவில்லை.

"அறையை எடுத்துக்கோ" என்றார் கடைசியில். "ஒரு காரியம். தன்னுடைய சூட்டுக்காக என்னுடைய ஆபரேஷன் லேட் ஆகக் கூடாது."

அன்றைக்கே கட்டில்கள் வெளியே போயின. ஜன்னல் இடுக்குகளில் பழைய துணி அடைத்தோம். விசிறியின் ஒயரைப் பிடுங்கினோம். பெரிய பல்பு போட்ட மேஜை விளக்குகள் வந்தன. வெந்நீர் ஊற்றும் ரப்பர் பைகள் வந்தன. தட்டுமுட்டு சாமான்களை விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தது வார்டின் மேரிக்குட்டி சிஸ்டர். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். உற்சாகத்தில் என்னைவிட இளையவர். பரிசோதனை, ஊசி, குழாய் போடுவது எல்லாமே அந்த அறைக்குள்ளேயே. குழந்தையை வெளியே எடுக்கவே கூடாது. அதுதான் எங்கள் சட்டம்.

மலையாளத்தில் முறி என்றால் அறை. வாழைக்குலைக் கதை பரவி, வார்டு முழுக்க அந்த அறைக்குப் பழமுறி என்று பேர் வைத்துவிட்டார்கள். "டாக்டரே, பழமுறியில் இன்னைக்கு எத்தனை குலை?" என்று பக்கத்து வார்டுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். புதிதாகக் குழந்தை எதுவும் வராததால், ஒன்றும் இல்லை என்பதுதான் முதல் சில நாட்களுக்குப் பதில்.

சோப்பு வாசனை

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் ராஜம்மாள் வந்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. முந்தின நாள் பிறந்த தங்கை மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பக்கம் திறந்த ஜீப்பில் வந்து இறங்கினாள். தங்கை அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"பால் குடுத்தா மூக்கு வழியா வருது டாக்டரம்மா. வாயில நுரையா தள்ளிக்கிட்டே இருக்கு."

மெல்லிய ரப்பர் குழாயை வாய் வழியே விட்டுப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் முட்டி நின்றது. உணவுக்குழாய் பாதியில் மூடிய குழந்தை.

ஆனால் என் கண் வேறெங்கோ போயிருந்தது. ஈரம் காயாத தலைமுடியை வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். கன்னத்தில் மைப்பொட்டு. முகத்தில் பவுடர். மடிப்புக் கலையாத மஞ்சள் சட்டை. புதுச் சோப்பின் வாசனை. பாதத்தைத் தொட்டேன். ஆற்றில் கிடந்த கூழாங்கல்லைத் தொட்டது போலிருந்தது.

"குளிப்பாட்டினீர்களா?"

"பின்ன? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு வாறோம், பிறந்த கோலத்துலயா கொண்டு வருவேன்? எனக்க தங்கச்சி எழும்ப முடியாம கிடந்துக்கிட்டே சொன்னா. அக்கா, நல்லா குளிப்பாட்டிக் கொண்டு போ, டாக்டருமாரு அருவருப்புப் படாண்டாம்னு."

அண்ணாவின் தெர்மாமீட்டரில் நான் அதுவரை பார்த்ததிலேயே கீழான கோட்டில் பாதரசம் நின்றது. அப்போதுதான் முதல் முறையாக விளங்கியது. எங்களிடம் வந்த அத்தனை குழந்தைகளும் எப்படிச் சுத்தமாக, பவுடர் மணக்க வந்தன என்பது. மரியாதை. டாக்டருக்குச் செய்கிற மரியாதை.

சீஃப் வந்து பார்த்தார். "எச்சில் நுரையீரலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மத்தியானமே எடுத்துவிடலாம்."

"சார், நாளைக் காலை வரை கொடுங்கள்."

"லேட் ஆகக் கூடாது என்று சொன்னேனா இல்லையா?"

"எச்சிலை நான் பார்த்துக்கொள்கிறேன் சார். தலையை உயர்த்தி வைத்து, உறிஞ்சிக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு குளிர்ந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது."

அவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கை உடனே வரவில்லை.

"நாளைக் காலை" என்றார். "அதற்குள் சூடாகவில்லையென்றால், நான் அப்படியே ஆபரேஷன் செய்வேன். பழமுறிக்குள் பழைய கட்டில்கள் திரும்பி வரும்."

அன்பாகச் செய்தது

சூடானாள். அந்தி மங்குவதற்குள் பாதத்தில் உயிர் தெரிந்தது. மறுநாள் விடிந்தபோது நகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. அழுதாள். அந்த அறையில் கேட்ட முதல் உரத்த அழுகை அதுதான். கிழக்கேகோட்டையில் ஹோட்டல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா, விரலிடுக்கில் தோசைமாவு காயாமல் ஓடிவந்திருந்தார். ரத்தம் கொடுக்க அவரை அழைத்துக்கொண்டு கீழே போனேன்.

திரும்பி வந்தால், பழமுறிக்குள் சோப்பு வாசனை.

மேரிக்குட்டி சிஸ்டர் துவாலையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "குளிப்பிச்சு டாக்டரே. தியேட்டரில் போகிற மோள் அல்லே. பவுடரும் இட்டாச்சு."

தியேட்டருக்குப் போகிற எந்த நோயாளியையும் குளிப்பாட்டாமல் அனுப்பக் கூடாது என்பது வார்டின் பழைய வழக்கம். ஜன்னலைப் பற்றிப் பிரசங்கம் செய்திருந்தேன். கதவைப் பற்றி, விசிறியைப் பற்றி. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை.

குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். சிஸ்டரும் தொட்டார். அவர் சிரிப்பு மெல்லப் போயிற்று. "என்டெ மாதாவே" என்றார், மிக மெதுவாக.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்டும் போனது.

விளக்குகள் அணைந்ததும் அறை சாம்பல் நிறமானது. வெந்நீருக்கு சிஸ்டர் ஓடினார். மழைக்கால கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். இருட்டில் நின்றபோது அண்ணாச்சியின் அறை மறுபடி கண்ணுக்குள் வந்தது. சட்டி நெருப்பை விட்டுவிட்டு, இந்தத் தடவை குலைகளைப் பார்த்தேன். சருகுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த குலைகள்.

"ராஜம்மா, பிள்ளையை உங்கள் மார்போடு வையுங்கள். நடுவில் துணி வேண்டாம். மேலே சேலையைப் போர்த்திக்கொள்ளுங்கள்."

அவள் பின்வாங்கினாள். "டாக்டரம்மா, நான் நேத்திலேருந்து குளிக்கல. ஜீப்புல சேறும் சகதியுமா வந்த உடம்பு."

"பரவாயில்லை."

"அழுக்கு டாக்டரம்மா."

"அழுக்கு இருக்கட்டும். சூடாக இருக்கிறதே, அது போதும்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். குழந்தை அவள் சேலைக்குள் போனது. சீவிய தலை மட்டும் வெளியே. அதன் மேல் இன்னொரு துணி. நான் பக்கத்தில் உட்கார்ந்து, காலால் மிதிக்கிற உறிஞ்சு கருவியை மிதிக்க ஆரம்பித்தேன். மிதி, உறிஞ்சல், மிதி, உறிஞ்சல். ஓட்டில் மழை. தையல் மிஷின் ஓட்டுவது போலிருந்தது. எதைத் தைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. ராஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையிடம் ஏதேதோ பேசினாள். அம்மா வந்துருவா மக்கா, இப்ப வந்துருவா, ஜீப்பு சத்தம் கேக்குதா மக்கா. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நேரம் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பாதரசம் நகர்ந்தது. வாழைக்காய் மஞ்சளாகிற வேகத்தில் நகர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. சில்லென்று காற்று.

"கதவைச் சாத்துங்கோ, சூடு போயிடும்" என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

கதவு சாத்திக்கொண்டது. திரும்பினால் சீஃப். உள்ளே நின்று சாத்தியிருந்தார்.

அவர் என்னையும் ராஜம்மாளையும் மாறிமாறிப் பார்த்தார். குனிந்து, சேலைக்கு வெளியே தெரிந்த சின்னக் காலைப் பிடித்துப் பார்த்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னும் கொஞ்சம் ஆகட்டும்" என்றார். அவருடைய ஆபரேஷன் லேட் ஆகிக்கொண்டிருந்தது. நான் அதை நினைவுபடுத்தப் போவதாக இல்லை.

கரண்ட் வந்த பிறகு, தியேட்டர் வாசல் வரை ராஜம்மாளின் மார்போடுதான் அவள் போனாள். உள்ளே விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தார் சீஃப். மேரிக்குட்டி சிஸ்டர் அவர் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டே இருந்தார். பாதி வேலையில் அட்டெண்டர் எதற்கோ கதவைத் திறந்தார். தலை நிமிராமல் சீஃப் மலையாளத்திலேயே சொன்னார்:

"வாதில் அடைக்கடா. சூடு போகும்."

முகமூடிக்குள் நான் என்ன செய்தேன் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த சாலை

அவள் பிழைத்தாள். வயிற்றுக் குழாயில் பால் போனது முதலில். பிறகு தாய் வந்து சேர்ந்த ஒரு மத்தியானத்தில் வாய் வழியே ஒரு வாய் பால். தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ராஜம்மாள் சீஃபின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ குழந்தைகளைப் பழமுறியில் வைத்து இழந்திருக்கிறோம். தியேட்டர் குளியலை நிறுத்தினோம். சிஸ்டரே காவல் நின்றார். பழமுறிக்கு நல்ல ஹீட்டர் வந்தது. ஆனால் குளிர் எங்கள் கதவுக்கு வெளியேதான் ஆரம்பிக்கிறது. ஜீப்பில், பஸ்ஸில், அதற்கும் முன்னால் ஒரு கிணற்றடியில், புதுச் சோப்பைப் பிரிக்கும் ஒரு கையில். ராஜம்மாளைப் போலவே எல்லோரும் இன்றும் குளிப்பாட்டித்தான் கொண்டு வருகிறார்கள். வந்த பின் சூடாக்குகிறோம். சிலருக்கு அது பிந்திவிடுகிறது.

அதனால் இப்போது அவர்கள் வருகிற அந்தச் சாலையிலேயே ஏறிப் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். மார்த்தாண்டத்தைச் சுற்றிய எல்லைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள், பிரசவம் பார்க்கிற நர்ஸுகள், கூட்டமாக வந்து நிற்கும் பெண்கள். எங்களிடம் அனுப்பும் குழந்தைகளைப் பற்றி அவர்களிடம் மூன்றே விஷயம். வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதீர்கள், மார்போடு கட்டிக் கொண்டு வாருங்கள், குளிப்பாட்டாதீர்கள். முதல் இரண்டையும் கேட்பார்கள். மூன்றாவதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். ஒரு தாயின் மரியாதையை டாக்டர் ஒருத்தி வந்து வேண்டாம் என்றால் எப்படி நம்புவார்கள்?

போன வாரம் ராஜம்மாள் குழந்தையோடு செக்கப்புக்கு வந்திருந்தாள். குழந்தை இப்போது ஓடுகிறது. சீஃபின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. ராஜம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நானும் வாறேன்" என்றாள். "இவளையும் கூட்டிக்கிட்டு வாறேன். குளிப்பாட்டினவ நான்தானே. நானே சொல்லுதேன்."

"என்ன சொல்வீர்கள்?"

"குளிப்பாட்டாண்டாம்னு சொன்னா எவ கேப்பா? அந்தப் பெரிய டாக்டருக்குக் குளிப்பாட்டின பிள்ளைன்னா பிடிக்காது, பிறந்த அழுக்கோட கொண்டு போனாத்தான் முகம் கொடுத்துப் பேசுவாருன்னு சொல்லுவேன்."

"அது பொய்யல்லவா ராஜம்மா? சீஃபுக்குத் தெரிந்தால்?"

"தெரிஞ்சா என்ன?" என்று மடியிலிருந்து இறங்கத் துடித்தவளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை சூடா வந்து சேரட்டும். பொறவு அவருகிட்ட நீங்க சொல்லிக்கிடுங்க."

சீஃபிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆமாம், எனக்குப் பிடிக்காது என்றே சொல்லச் சொல்லு" என்றார்.

வருகிற திங்கட்கிழமை காலை கிழக்கேகோட்டையில் முதல் பஸ். ராஜம்மாளும் குழந்தையும் மார்த்தாண்டத்தில் ஏறிக்கொள்வார்கள். என் பையில் அண்ணாவின் தெர்மாமீட்டரும் அம்மா கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கும் ஏத்தன்பழமும் இருக்கும். இந்தத் தடவை நசுங்காமல் கொண்டு போக வேண்டும்.